ஒன்பதாம் எண் சட்டை யாருக்கு?



2023 அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை மூன்று மணி. காலை நிகழ்ச்சி செய்யும் வானொலி அறிவிப்பாளர்களுக்கு உடம்புக்குள்ளேயே ஓர் அலாரம் இருக்கும். விடுமுறை நாளென்றும் பார்க்காமல் அது அடிக்கும். அன்று அது அடிப்பதற்கு முன்பே எழுந்து, மைலோ கலக்கிக்கொண்டு, வீட்டில் யாரையும் எழுப்பாமல் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பாரிஸில் அப்போது சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. ரக்பி உலகக் கிண்ண இறுதியாட்டம். தென்னாப்பிரிக்காவும் நியூசிலாந்தும்.

ரக்பி எனக்கு வந்தது பெரியம்மா மகன் வழியாக. அண்ணன் படிவம் நான்கில் பள்ளிக் குழுவில் சேர்ந்தபோது அவருடைய உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். "இந்த உயரத்துக்கு ஒரே இடம்தான்டா இருக்கு" என்று சொல்லிப் பயிற்றுநர் கையில் கொடுத்தது ஒன்பதாம் எண் சட்டை. அதற்குப் பெயர் ஸ்க்ரம் ஹாஃப். இருபது வருடம் ஆகிவிட்டது. அண்ணனுக்கு வயிறு வந்துவிட்டது, முட்டி போய்விட்டது. ஆனால் எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் ஒன்பதாம் எண்ணைத்தான் தேடும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலையே அவரிடமிருந்து புலனத்தில் செய்தி வந்துவிட்டது: "லிஸ்ட் பாத்தியா? ரைனாக்கக் காணோம்! என்னா அநியாயம் லா இது!"

அதே மாலை என் கையிலும் ஒரு பட்டியல் இருந்தது. எங்கள் நிலையத்தின் புதிய நிகழ்ச்சி அட்டவணை. அதில் காலை நேரத்தில் என் பெயரைக் காணோம்.

அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ரைனாக்.

இந்த ஒன்பதாம் எண் என்ன செய்கிறார்?

ரக்பி பார்க்காதவர்களுக்காக இரண்டு நிமிடம். ஒரு குழுவில் 15 பேர். அதில் எட்டுப் பேர் ஃபார்வர்டுகள். தள்ளுவது, முட்டுவது, பந்தைப் பிடுங்குவது எல்லாம் இவர்கள் வேலை. மீதி ஏழு பேர் பேக்குகள். ஓடுவது, உதைப்பது, புள்ளி எடுப்பது இவர்கள் பாடு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நிற்பவர்தான் ஸ்க்ரம் ஹாஃப்.

ஒருவரைச் சாய்த்ததும் பந்து தரைக்கு வரும். அதன் மேல் நூறு, நூற்றிருபது கிலோ ஆட்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். அந்தக் குவியலின் பின்பக்கம் குனிந்து பந்தை எடுக்கிறவர் இவர். எடுத்த கணத்தில் முடிவு செய்ய வேண்டும். பக்கத்தில் வீசுவதா, தூரத்தில் வீசுவதா, தானே ஓடுவதா, உயரமாக உதைத்துவிட்டு நம் ஆட்களைத் துரத்த விடுவதா, அல்லது இரண்டு விநாடி காத்திருப்பதா? அந்த நேரத்தில் எதிரணியில் ஒருவர் அவரை நசுக்கத்தான் ஓடி வந்துகொண்டிருப்பார். ஓர் ஆட்டத்தில் பந்தை அதிகம் தொடுகிறவர் பெரும்பாலும் இவர்தான்.

வானொலிக்காரியான எனக்கு இது எளிதாகப் புரிந்தது. பாட்டு முடியப்போகிறது, விளம்பரம் தயாராக இல்லை, தொலைபேசியில் நேயர் காத்திருக்கிறார், செய்தியாளர் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டுகிறார். அடுத்த மூன்று விநாடியில் என்ன செய்கிறாய் என்பதுதான் உன் வேலை. நேரம் சரியாக விழுந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தவறினால் ஊருக்கே தெரியும்.

தென்னாப்பிரிக்காவில் அந்தச் சட்டைக்குக் கனம் அதிகம். 1995 உலகக் கிண்ண இறுதியில், யாராலும் நிறுத்த முடியாத ஜோனா லோமுவைச் சாய்த்துக் காட்டிய யூஸ்ட் வான் டெர் வெஸ்ட்ஹைசன் போட்டது அது. 89 அனைத்துலக ஆட்டங்கள், 38 டிரை. 2007இல் கிண்ணம் வென்றபோது அதைப் போட்டவர் ஃபூரி டு பிரே. அந்த வரிசையில் அடுத்தவர் யார் என்று பேச ஆரம்பித்தால் அங்கே எந்த விருந்தும் சண்டையில்தான் முடியும். நம் வீட்டில் எம்.ஜி.ஆரா, சிவாஜியா என்று ஆரம்பித்த கதைதான்.

இரண்டு பேர், இரண்டு குணம்

ஃபாஃப் டி கிளர்க் 1991இல் பிறந்தவர். உயரம் 1.72 மீட்டர், அதாவது நம் அண்ணன்களின் உயரம்தான். தோள்வரை தொங்கும் பொன்னிறத் தலைமுடி. ரக்பியே பார்க்காதவர்களுக்கும் அவரை நினைவிருக்கலாம்: 2019இல் கிண்ணம் வென்ற பிறகு, உடைமாற்றும் அறையில் தென்னாப்பிரிக்கக் கொடி போட்ட உள்ளாடையோடு இளவரசர் ஹாரிக்குக் கை கொடுத்தாரே, அவர்தான்.

அவருடைய பலம் இரண்டு. ஒன்று இடது கால் உதை. குவியலின் பின்னாலிருந்து வானத்துக்கு அனுப்புவார். பந்து மேலே போய் இறங்குவதற்குள் அவருடைய ஆட்கள் அதன் அடியில் போய் நிற்பார்கள். இன்னொன்று பயமின்மை. 2019 அரையிறுதியில் வேல்ஸின் ஜேக் பாலோடு அவர் மோதி நின்ற படம் ஒன்று உண்டு. அவர் ஆறரை அடி. ஃபாஃபின் தலை அவருடைய நெஞ்சில் இருக்கிறது. ஆனால் சட்டையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்து முறைக்கிறவர் ஃபாஃப்தான். அண்ணன் அந்தப் படத்தைக் கைப்பேசியில் முகப்பாக வைத்திருந்தார்.

குறை? ரொம்ப உதைக்கிறார் என்பார்கள். 2019 முழுக்க அவருடைய சொந்த நாட்டு ரசிகர்களே இதைச் சொல்லிச் சொல்லிக் களைத்தார்கள். தற்காப்பில் வரிசையைவிட்டுப் பாய்ந்து வருவார். பிடித்தால் பெரிய பிடி, தவறினால் பின்னால் பெரிய ஓட்டை.

கோபஸ் ரைனாக் ஒரு வயது மூத்தவர். 1990இல் பிறந்தவர். அப்பா யாக்கோ ரைனாக் 400 மீட்டர் ஓட்டத்தில் பெயர் எடுத்தவர்; 1986இல் ஸ்பிரிங்போக் சட்டையில் விங்காக ஆடியவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே சாலை விபத்தில் இறந்துவிட்டார். ஆனால் அந்தக் கால்களை மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ரைனாக்கின் ஆட்டமே வேகம்தான். பந்து தரையைத் தொடுவதற்குள் எடுத்துவிடுவார். யாராவது தற்காப்பை உடைத்துக்கொண்டு ஓடினால், அவருடைய உள்பக்கத்தில் திடீரென்று ரைனாக் முளைத்திருப்பார். 2019 உலகக் கிண்ணத்தில் கனடாவுக்கு எதிராக முதல் 21 நிமிடத்துக்குள் மூன்று டிரை போட்டார். உலகக் கிண்ண வரலாற்றிலேயே அதிவேகமான ஹாட்ரிக் அது.

குறை? அதே வேகம்தான். ஆட்டத்தின் சூட்டைத் தணிக்க வேண்டிய நேரத்திலும் அவருடைய கால் ஓடத்தான் பார்க்கும். முன்னால் இருந்தால் இன்னும் முன்னால் போக வைப்பார். ஒரே ஒரு புள்ளியைக் கட்டிக் காக்க வேண்டுமென்றால் ஃபாஃபின் நிதானம் வேறு.

இப்படித்தான் எல்லோரும் ஒப்பிட்டார்கள். ஒருவர் நெருப்பு வைப்பவர், ஒருவர் அடுப்பைப் பார்த்துக்கொள்பவர். சமையலுக்கு இருவரும் வேண்டும்.

நான்கில் ஆரம்பித்து ஒன்றில் முடிந்த கதை

2019 யோக்கஹாமா இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்தை 32-12 என்று வென்றது. ஒன்பதாம் எண்ணில் ஃபாஃப். மாற்று இருக்கையில் ஹெர்ஷெல் யான்கீஸ். அந்த 23 பேரில் ரைனாக் இல்லை. பதக்கம் கிடைத்தது, இறுதியாட்டம் கிடைக்கவில்லை.

2023இல் நடந்தது இன்னும் விசித்திரம். அந்த முறை பிரான்ஸுக்கு நான்கு ஸ்க்ரம் ஹாஃப்களை அழைத்துப் போனார்கள். ஃபாஃப், ரைனாக், ஜேடன் ஹென்ட்ரிக்ஸே, கிரான்ட் வில்லியம்ஸ். 33 பேர் கொண்ட குழுவில் ஒன்பதாம் எண்ணுக்கு நான்கு பேர் என்பது வழக்கத்துக்கு மாறான காரியம். போர்டோவில் ருமேனியாவுக்கு எதிரான ஆட்டத்தில் அந்த நால்வரையும் ஒரே நாளில் பட்டியலில் போட்டார்கள். வில்லியம்ஸை விங்கில் நிறுத்தினார்கள். 76-0. ரைனாக்குக்கு அன்றும் மூன்று டிரை.

அடுத்த ஆட்டம் அயர்லாந்தோடு. இங்கேதான் அந்த "ஏழு-ஒன்று" வருகிறது. ரக்பியில் மாற்று ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர். வழக்கமாக ஐந்து ஃபார்வர்டு, மூன்று பேக் என்று வைப்பார்கள். தென்னாப்பிரிக்கா ஏழு ஃபார்வர்டு, ஒரே ஒரு பேக் என்று வைத்தது. எதிரணி களைக்கும் நேரத்தில் புதிதாக ஒரு மலையையே இறக்குவது திட்டம். அன்று அந்த ஒரே பேக் இருக்கையில் உட்கார்ந்தவர் ரைனாக். அயர்லாந்து 13-8 என்று வென்றது.

பிறகு காலிறுதி, பிரான்ஸோடு. ரைனாக்தான் தொடங்கினார். பிரெஞ்சுக்காரர்கள் உயரமாக வந்த பந்துகளைப் பிடிக்கத் தடுமாறினார்கள். முதல் பாதியில் இரண்டு பக்கமும் டிரை மழை. இரண்டாம் பாதியில் ஃபாஃப் உள்ளே வந்தார். ஆட்டத்தின் மூச்சு மாறியது. 29-28. ஒரு புள்ளி.

ஆறு நாளில் அரையிறுதி, இங்கிலாந்தோடு, மழையில். மறுபடியும் ரைனாக் தொடங்கினார், ஃபாஃப் முடித்தார். கடைசி நிமிடங்களில் ஹாண்ட்ரே பொல்லார்ட் ஏறக்குறைய பாதித் திடல் தூரத்திலிருந்து பெனால்டி உதைத்தார். 16-15. மறுபடியும் ஒரு புள்ளி.

ஆக, இரண்டு பெரிய ஆட்டங்களில் ஒரு முறை வேலை செய்திருந்தது. ரைனாக் ஓட்டிவிடுவார், ஃபாஃப் கட்டிப் பிடிப்பார். அதையே மூன்றாவது முறையும் செய்வார்கள் என்றுதான் அண்ணனும் நினைத்தார்.

இறுதியாட்டப் பட்டியல் வந்தது. ஒன்பதாம் எண், ஃபாஃப். மாற்று இருக்கையில் ஏழு ஃபார்வர்டுகள். அந்த ஒரே ஒரு பேக் இடம் வில்லி லெ ரூவுக்கு. ரைனாக் இல்லை. ஸ்க்ரம் ஹாஃப் என்று சொல்லிக்கொள்ள இன்னொருவரே இல்லை. ஃபாஃபுக்கு ஏதாவது ஆனால் விங்கில் ஆடும் செஸ்லின் கோல்பி அந்த இடத்துக்கு வர வேண்டும்.

நான்கு பேரை அழைத்துப் போனவர்கள், கடைசி நாளில் ஒருவரோடு திடலில் இறங்கினார்கள்.

"உங்க மேல ஒரு குறையும் இல்ல"

இனி என் பட்டியல்.

நாங்கள் காலை நிகழ்ச்சியை இரண்டு பேராகச் செய்துகொண்டிருந்தோம். நானும், என்னைவிட ஆறு வயது இளைய ஒரு தம்பியும். நான்கு வருடம். முதல் மணி நேரம் என் கையில். எழுதி வைத்த துணுக்குகள், வேகம், சிரிப்பு. ஊரை எழுப்புவது என் வேலை. ஏழு மணிக்கு மேல் தம்பி எடுத்துக்கொள்வார். நெடுஞ்சாலையில் விபத்து, மழை வெள்ளம், பள்ளி மூடல், அழும் நேயர், கோபமான நேயர் எல்லாவற்றையும் எழுதி வைக்காமல் சமாளிப்பார். "யாரு நல்லாப் பேசுறாங்க?" என்று நேயர்கள் எங்கள் முகநூலில் சண்டை போட்டுக்கொள்வார்கள். நாங்கள் இருவரும் அதை வாசித்துச் சிரிப்போம். சிரித்தாலும், யாருக்கு எத்தனை ஓட்டு என்று நான் எண்ணாமல் இருந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மேலாளர் கூப்பிட்டார். செலவைக் குறைக்கிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து காலையில் ஒருவர்தான். அது தம்பி. எனக்குப் பிற்பகலில் ஒரு சின்ன இடமும், யாராவது விடுப்பில் போனால் நிரப்பும் வேலையும். "உங்க மேல ஒரு குறையும் இல்ல" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம். குறை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். குறை இல்லை என்றால் என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து அண்ணனின் செய்தியைப் பார்த்தேன். "அவன் என்ன தப்புப் பண்ணான்?" என்று ரைனாக்கைப் பற்றி எழுதியிருந்தார். அதை நான் எத்தனை முறை வாசித்தேன் என்று அவருக்குத் தெரியாது.

இரண்டு நாள் அதையே யோசித்தேன். ரைனாக்கைப் பற்றி யோசிப்பது, என்னைப் பற்றி யோசிப்பதைவிடச் சுலபமாக இருந்தது. அப்போது புரிந்தது இதுதான்: "யார் சிறந்தவர்?" என்ற கேள்விக்கு அந்தப் பயிற்றுநர்கள் பதில் சொல்லவே இல்லை. அவர்களிடம் இருந்தது வேறு கேள்வி. நம் ஆட்கள் அடுத்தடுத்து இரண்டு ஒரு-புள்ளி ஆட்டங்களில் நொந்து போயிருக்கிறார்கள். நியூசிலாந்துக்கு நம்மைவிட ஒரு நாள் ஓய்வு அதிகம். ஆகவே ஏழு ஃபார்வர்டு வேண்டும். ஏழு ஃபார்வர்டு என்றால் ஸ்க்ரம் ஹாஃப் ஒருவர்தான். இரண்டு பேருக்கு இடம் இருந்தபோது, தொடங்குபவர், முடிப்பவர் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒருவருக்குத்தான் இடம் என்றால், கடைசிப் பத்து நிமிடத்தில் யார் வேண்டுமோ அவரைத்தானே முதல் நிமிடத்திலிருந்தே வைக்க வேண்டும்?

இது என் ஊகம்தான். அவர்கள் அறைக்குள் என்ன பேசினார்கள் என்பதை நான் கேட்கவில்லை. ஆனால் நானே அந்த நாற்காலியில் இருந்தாலும் ஃபாஃபைத்தான் எடுத்திருப்பேன். இதை எழுதும்போது என் பட்டியலும் கண் முன்னால் வருகிறது. ஒருவர்தான் என்றால், மேலாளர் நாற்காலியில் நான் இருந்தாலும் தம்பியின் பெயரைத்தான் எழுதியிருப்பேன்.

முடிவு சரி என்று தெரிந்தால் வலி போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. யாராவது அநியாயம் செய்திருந்தால் திட்டவாவது செய்யலாம். இங்கே திட்டவும் ஆளில்லை.

அந்த எண்பது நிமிடம்

ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்தில் தென்னாப்பிரிக்காவின் ஹூக்கர் போங்கி எம்போனாம்பி காயம்பட்டு வெளியேறினார். மாற்றாக வந்தவர் 37 வயது டியோன் ஃபூரி. மீதி ஆட்டம் முழுக்க அவரே தாங்க வேண்டும். என் வயிறு கலங்கியது. இப்படி ஒன்று ஃபாஃபுக்கு நடந்திருந்தால்?

எதிர்ப் பக்கத்தில் ஒன்பதாம் எண்ணில் ஆரோன் ஸ்மித். அவருக்கு அது 125ஆவது அனைத்துலக ஆட்டம், கடைசி ஆட்டமும் அதுவே. இரண்டாம் பாதியில் அவர் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தார்; அதற்கு முன்னால் பந்து முன்பக்கம் தட்டுப்பட்டது என்று காணொளி நடுவர் அதை ரத்து செய்தார். நியூசிலாந்து கேப்டன் சாம் கேனுக்குச் சிவப்பு அட்டை. தென்னாப்பிரிக்கக் கேப்டன் சியா கொலிசிக்கு மஞ்சள் அட்டை. பொல்லார்டின் நான்கு பெனால்டி, நியூசிலாந்தின் ஒரு டிரை, இரண்டு பெனால்டி. 12-11.

கடைசிப் பகுதியில் ஸ்மித்துக்குப் பதிலாக ஃபின்லே கிறிஸ்டி வந்தார். புதிய கால்கள். ஃபாஃபுக்கு அந்த வசதி இல்லை. குனிவார், எடுப்பார், உதைப்பார், ஓடிப் போய்த் தற்காப்பில் நிற்பார், மறுபடியும் குனிவார்.

73ஆவது நிமிடத்தில் இன்னொரு மஞ்சள் அட்டை. யாருக்கு? செஸ்லின் கோல்பிக்கு! ஃபாஃபுக்கு ஏதாவது ஆனால் வர வேண்டிய அதே கோல்பி. அவர் ஓர நாற்காலியில் உட்கார்ந்து சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். பார்க்க முடியவில்லை அவரால். எனக்கும் முடியவில்லை. மைலோ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

புலனத்தில் அண்ணன்: "இப்ப ஃபாஃப் விழுந்தா யாரு இருக்கா? சொல்லு யாரு இருக்கா?"

ஃபாஃப் விழவில்லை. எண்பது நிமிடமும் நின்றார். தென்னாப்பிரிக்கா நான்காவது முறையாக உலகக் கிண்ணத்தை வென்றது. இதுவரை எந்த நாடும் அத்தனை முறை வென்றதில்லை. காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் ஒவ்வொரு புள்ளியில் வென்றார்கள்.

ஒரு புள்ளி என்பது எதிலிருந்தும் வந்திருக்கலாம். இங்கிலாந்தை வென்ற அந்த ஒரு புள்ளியில், ரைனாக் ஓடிய அந்த முதல் பாதிக்கு எவ்வளவு பங்கு என்று யார் பிரித்துச் சொல்வது? இறுதியாட்டத்துக்குக் குழு வந்து சேர்ந்ததே அவர் தொடங்கி வைத்த இரண்டு ஆட்டங்களால்தான். பட்டியலில் இடம் பெறாதவர்கள் அந்த வாரம் முழுக்க எதிரணிபோல நின்று பயிற்சிக்கு உதவுவது ரக்பியில் வழக்கம். நாளை நீ ஆட வேண்டியவனைப் போல இன்று நான் ஆடிக் காட்டுகிறேன், பார்த்துக்கொள் என்பது அதன் பொருள். அந்த வேலைக்குப் புள்ளிப் பலகையில் எண் கிடையாது.

ரைனாக்கிடம் இப்போது இரண்டு உலகக் கிண்ணப் பதக்கங்கள் இருக்கின்றன. ஓர் இறுதியாட்டத்தில்கூட அவர் திடலில் கால் வைத்ததில்லை.

பிறகு

அந்தத் திங்களும் செவ்வாயும் காலை நிகழ்ச்சியில் எனக்கு மிச்சமிருந்த இரண்டு நாட்கள். ஞாயிறு விடிந்ததும் தூங்காமலே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். எந்தப் பாட்டி பிறந்தநாள் வாழ்த்துக்கு எப்போது அழைப்பார், எந்தப் பேருந்து ஓட்டுநருக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும், ஆறு மணிக்கு என்ன பேசினால் ஊர் எழும் என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை அதைத் தம்பியிடம் கொடுத்தேன். பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். கொடுக்கும்போது முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ளத்தான் அத்தனை தெம்பும் செலவானது. தம்பி ஒன்றும் பேசவில்லை. நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, ஏழு மணிக்கு முன்னாடி பேச எனக்குப் பயம்" என்றார். நான்கு வருடத்தில் முதல் முறையாக அதைச் சொன்னார்.

கொஞ்ச காலம் நிரப்பும் வேலை செய்தேன். இப்போது மாலையில், நீங்கள் வேலை முடிந்து நெரிசலில் நிற்கும்போது பேசுகிறேன். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனாலும் காலை ஆறு மணிக்குக் காரில் அந்தத் தொடக்க இசை கேட்டால் கை தானாக ஒலிவாங்கியைத் தேடுவது இன்னும் நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்றும் இல்லை.

ரைனாக்? அவரும் விட்டுப் போகவில்லை. 2025இல், 35 வயதில், இன்னும் அந்தப் பச்சைச் சட்டையில் ஆடிக்கொண்டிருந்தார். அந்த வயதில் பெரும்பாலான ஸ்க்ரம் ஹாஃப்கள் வர்ணனையாளர் அறைக்குப் போயிருப்பார்கள். அடுத்த உலகக் கிண்ணம் 2027இல் ஆஸ்திரேலியாவில். அதுவரை அவர் கால் தாங்குமா என்று அண்ணனிடம் கேட்டேன். "தாங்கினா ஒரு இறுதியாட்டம் ஆடிருவான்" என்றார். பிறகு தன் முட்டியைத் தடவிக்கொண்டு, "ஆனா எனக்கு அப்பவே தெரியும் மா, ஃபாஃப்தான் சரி" என்றார். இரண்டு வருடமாக என்னோடு போட்ட சண்டை எதற்கு என்று கேட்டேன். "யாராவது ஒருத்தர் அவன் பக்கம் பேசணும்ல?" என்றார்.

நீங்கள் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் யாரை எடுத்திருப்பீர்கள்? மாலை நிகழ்ச்சிக்கு அழைத்துச் சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: யாரை விட்டீர்களோ, அவரிடம் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.